தோற்றவர் எங்கே உட்காருவார்? – சேலம், ஏற்காடு நாட்குறிப்பு

பிப்ரவரி 10, சேலம்

திருநெல்வேலியிலிருந்து இரவுப் பேருந்து. விடிவதற்குள் சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள். அப்பாவின் நண்பர் ஒருவர் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறார். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவர், இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். சின்ன வயதிலிருந்து எனக்கு அவர் மாமா. "வா கண்ணு, முதல்ல காபி குடி, அப்புறம் பேசலாம்" என்று வாசலிலேயே டம்ளரோடு நின்றார்.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்துகிறேன். சண்டையிலும் சர்வாதிகாரத்திலும் கிடந்த நாடுகள் எப்படி அமைதிக்கும் ஜனநாயகத்துக்கும் வந்தன என்பதை இந்தப் பருவத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சர்வாதிகாரி போயிட்டா மறுநாள் ஜனநாயகம் வந்துடுமா மேடம்?" ஸ்பெயின், சிலி என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வகுப்பை முடித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பதில் எனக்கே போதவில்லை. பாடப்புத்தகத்தில் எல்லாம் தூரத்து நாடுகள். நம் மண்ணில் அந்தக் கேள்வி எங்கே கிடக்கிறது என்று யோசித்தபோது சேலம் நினைவுக்கு வந்தது. ஏன் சேலம் என்பதை நாளை எழுதுகிறேன்.

பகலெல்லாம் ஊர் சுற்றினேன். இந்த ஊருக்குப் பெரிய அரசியல் வரலாறு உண்டு. ராஜாஜி 1917இல் இங்கே நகராட்சித் தலைவராக இருந்தவர். நீதிக்கட்சி தன் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றிக்கொண்டது 1944 ஆகஸ்டில், இதே ஊரில் நடந்த மாநாட்டில். 1882 கலவர வழக்கில் தண்டனை பெற்று, பிறகு உயர் நீதிமன்றத்தில் விடுதலையான சேலம் விஜயராகவாச்சாரியார், 1920இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார்.

சாயங்காலம் மாமா தட்டுவடை செட் வாங்கித் தந்தார். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், மேலும் கீழும் இரண்டு வகைச் சட்னி. கடைக்காரர் கை ஓயாமல் அடுக்கிக்கொண்டே இருந்தார். சட்னியில் ஊறி நமத்துப் போவதற்குள் வாயில் போட வேண்டும் என்பது மாமாவின் சட்டம்.

இரவுச் சாப்பாட்டில் மாமா தன் அண்ணனைப் பற்றிப் பேசினார். அவரை நான் ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். நெருக்கடி நிலையின்போது, 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சியைக் கலைத்தார்களே, அடுத்த சில நாட்களில் அவரை, விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் மிசா சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வருடம் உள்ளே. உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை அவர் வீட்டில் சொன்னதில்லை.

"78ல ஒரு நாள், டீக்கடையில அண்ணனை அடிச்ச காவலர் பெஞ்சில உக்காந்திருக்கார். நான் கூட இருந்தேன். அண்ணன் நேராப் போய் அதே பெஞ்சில உக்காந்தார். ஒரு வார்த்தை பேசல. டீயைக் குடிச்சார், காசை வெச்சார், வந்துட்டார். மறந்துட்டார் கண்ணு. மறந்தாத்தான் வாழ முடியும்."

எனக்கு அது மறதியாகத் தெரியவில்லை. ஆனால் மாமாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, சேலம்

காலையில் அஸ்தம்பட்டிக்குப் போனேன். மத்திய சிறை அங்கேதான் இருக்கிறது. சாலையில் நின்று மதிலைப் பார்த்தேன், அவ்வளவுதான். உள்ளே போக எனக்கு அனுமதியும் இல்லை, போகும் எண்ணமும் இல்லை. எதிர்ப்பக்கம் இளநீர் வெட்டுகிறவர் ஒருவர், பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகள், ஏற்காடு போகிற வண்டிகள். சாதாரணமான காலை.

1950ஆம் ஆண்டு இதே பிப்ரவரி 11 அன்று இந்த மதிலுக்குள் துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 கைதிகள் செத்தார்கள். எல்லோரும் கம்யூனிஸ்டுகள். பெரும்பாலோர் மலபார்ப் பக்கத்து விவசாயிகள். எங்களைக் குற்றக் கைதிகளைப் போல நடத்தாதீர்கள் என்று போராடியவர்கள். சுதந்திரம் வந்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது ஜனவரி 26. எண்ணிப் பாருங்கள், பதினாறு நாள்.

அந்தப் பதினாறு நாள்தான் என்னை இங்கே கூட்டிவந்தது. பேச்சுரிமை, வாழ்வுரிமை என்று உலகமே வியக்கும்படி எழுதிவைத்துவிட்டோம். ஆனால் இந்த மதிலுக்குள் அன்று நடைமுறையில் இருந்தது 1894ஆம் வருடத்துச் சிறைச் சட்டம். அதே லத்தி, அதே துப்பாக்கி, கைதியை எப்படிப் பார்ப்பது என்று வெள்ளைக்காரன் காலத்தில் பழகிய அதே கண். டெல்லியில் கொடி மாறியதை இந்தச் சிறைக்குள் யாரும் யாருக்கும் பழக்கித் தரவில்லை. என் மாணவியின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் இது: ஆட்சி ஒரே நாளில் மாறிவிடும், அடிக்கிற கை அப்படி மாறாது.

இதே தேதிக்கு வேறு ஊர்களிலும் கணக்கு இருக்கிறது. 1979 பிப்ரவரி 11, ஈரானில் ஷா மன்னரின் ஆட்சி முடிவுக்கு வந்த நாள். 2011 பிப்ரவரி 11, எகிப்தில் முபாரக் பதவி விலகிய நாள். 1990 பிப்ரவரி 11, தென்னாப்பிரிக்காவில் மண்டேலா 27 வருடச் சிறைக்குப் பிறகு வெளியே நடந்து வந்த நாள். மூன்று நாட்டிலும் சனங்கள் தெருவில் ஆடிப்பாடினார்கள். ஜனநாயகம் நிலைத்தது ஒன்றில்தான், தென்னாப்பிரிக்காவில்.

ஏன் ஒன்றில் மட்டும்? பகல் முழுக்க மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

மண்டேலா வெளியே வந்ததும் எல்லாம் முடிந்துவிடவில்லை. எல்லா இனத்தவரும் ஓட்டுப் போடும் முதல் தேர்தலுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது. அந்த நான்கு வருடத்தில் அரசியல் வன்முறையில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1992 ஜூனில் பொய்பட்டோங் என்ற ஊரில் படுகொலை நடந்து, வெள்ளையர் அரசோடு நடந்துவந்த பேச்சுவார்த்தையே முறிந்தது. அப்போது ஜோ ஸ்லோவோ என்ற கம்யூனிஸ்ட் தலைவர் ஒரு யோசனை சொன்னார். வெள்ளையர் கட்சிக்குச் சில வருடங்களுக்கு ஆட்சியில் பங்கு கொடுப்போம், வெள்ளை அரசு ஊழியர்களின் வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் உறுதி கொடுப்போம் என்றார். அவருடைய மனைவி ரூத் ஃபர்ஸ்ட்டை 1982இல் பார்சல் குண்டு அனுப்பிக் கொன்றது அந்த அரசின் ஆட்கள். அப்படிப்பட்டவர் இதைச் சொன்னார். அவர் தரப்பிலேயே எத்தனை பேர் கொதித்திருப்பார்கள்! ஆனால் தோற்கப் போகிறவருக்கு நாளை உட்கார ஓர் இடம் இருக்கிறது என்று தெரியாவிட்டால், அவர் துப்பாக்கியைக் கீழே வைக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1993 ஏப்ரல் 10 அன்று கிறிஸ் ஹானியைச் சுட்டுக் கொன்றார்கள். கறுப்பின இளைஞர்கள் உயிராக மதித்த தலைவர். நாடு பற்றி எரியும் என்று எல்லோரும் பயந்தார்கள். அப்போது தொலைக்காட்சியில் பேசி நாட்டை அமைதிப்படுத்தியது குடியரசுத் தலைவர் டி கிளர்க் இல்லை, எந்த அரசுப் பதவியிலும் இல்லாத மண்டேலா. சுட்டவன் ஒரு வெள்ளையன், அவனைப் பிடிக்கும்படி வண்டி எண்ணைக் குறித்துக் கொடுத்தவரும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிதான் என்று எடுத்துச் சொன்னார். அடுத்த வருடம் ஏப்ரல் 27 அன்று தேர்தல் நடந்தது. மண்டேலா குடியரசுத் தலைவர், டி கிளர்க் துணைத் தலைவர்களில் ஒருவர்.

எகிப்தில் நேர்மாறு. 2012இல் தேர்தலில் ஜெயித்த மோர்சி, எதிர்த்தரப்புக்கு இடம் விட்டு அரசியலமைப்பை எழுதவில்லை. 2013 ஜூலையில் ராணுவம் அவரைத் தூக்கியது. அடுத்த மாதம் அவருடைய ஆதரவாளர்கள் நூற்றுக்கணக்கானோரை கெய்ரோவின் ரபா சதுக்கத்தில் ஒரே நாளில் கொன்றார்கள். அவர் கட்சியையே தடை செய்தார்கள். மோர்சி 2019இல் நீதிமன்றக் கூண்டிலேயே சரிந்து விழுந்து செத்தார். ஜெயித்தவனுக்கு எல்லாம், தோற்றவனுக்குச் சிறை என்று ஆகிவிட்டால், அடுத்த தேர்தலில் தோற்க எவன் சம்மதிப்பான்?

சாயங்காலம் இதை மாமாவிடம் சொன்னேன். அவர் ஒரே கேள்வி கேட்டார். "இங்க சுட்டாங்களே, அந்தக் கட்சிக்காரங்களுக்கு உக்கார இடம் கிடைச்சுதா?"

கிடைத்தது. சுட்டுக் கொன்று இரண்டே வருடத்தில், 1952 தேர்தலில், சென்னை மாகாணச் சட்டசபையின் 375 இடங்களில் கம்யூனிஸ்டுகள் 62 பிடித்தார்கள். காங்கிரசுக்கு 152தான், பெரும்பான்மை இல்லை. காங்கிரஸ் ராஜாஜியைக் கூட்டிவந்து முதலமைச்சராக்கியது. கம்யூனிஸ்டுகள்தான் என் முதல் எதிரி என்று அவர் சபையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். எதிரியை எதிரி என்று நேருக்கு நேர் சொல்ல முடிந்தது, இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்ததால்தான். தடுப்புக் காவலில் கிடந்தபடி உச்ச நீதிமன்றம் வரை போன கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், 1950இல் அந்த வழக்கில் தோற்றார். 1952இல் மக்களவையில் எதிர்வரிசையில் உட்கார்ந்தார். 1957இல் கேரளத்தில் அவருடைய கட்சியே ஓட்டு வாங்கி ஆட்சி அமைத்தது. ஆயுதப் போராட்டத்தை அவர்கள் கைவிட்டதும் காரணம், அரசு கதவைத் திறந்துவைத்ததும் காரணம். இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் நம் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

மாமா வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். "அந்த 22 பேருக்கு?" என்றார் பிறகு. அதற்கு என்னிடம் பதில் இல்லை. வருடா வருடம் இந்த நாளில் அவர்களுடைய கட்சியினர் அஞ்சலி செலுத்துகிறார்கள். மற்றபடி, சேலத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

ஜோகன்னஸ்பர்க்கில் பழைய கோட்டைச் சிறை என்று ஒன்று உண்டு. 1908இல் காந்தி அங்கே கைதி, பிற்பாடு மண்டேலாவும். இப்போது அந்த இடத்தில்தான் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம் இருக்கிறது. விசாரணைக் கைதிகளை அடைத்துவைத்திருந்த கட்டடத்தை இடித்து, அதே செங்கல்லை எடுத்து நீதிமன்றத்தைக் கட்டினார்கள். படிக்கட்டுக் கூண்டுகளை மட்டும் இடிக்காமல் அப்படியே விட்டார்கள், வருகிற நீதிபதி தினமும் பார்க்கட்டும் என்று. (அந்த நாட்டு அரசியலமைப்பில், மதித்துப் போற்ற வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழும் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.)

பிப்ரவரி 12, ஏற்காடு

இருபது கொண்டை ஊசி வளைவு. பக்கத்து சீட்டில் இருந்த குழந்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வந்தது, பதினாலில் தூங்கிவிட்டது. மேலே போனதும் குளிர் முகத்தில் அறைந்தது. ஏரி, படகு, லேடீஸ் சீட் எல்லாம் போய்ப் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது ஒரு களத்தைப் பற்றி. மாமாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கிறார். இந்த மலையில் காபியைக் கொண்டுவந்தது 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். காபிப் பழம் பறித்து முடியும் பருவம் இது, கூடவே மிளகு பறிப்பும். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் ஏணி சாத்திச் சரம் சரமாக மிளகு பறிக்கிறார்கள். களத்தில் விரித்து, காலால் மிதித்துக் காம்பைப் பிரிக்கிறார்கள். பச்சையாக இருப்பது வெயில் பட்டால் கறுத்துச் சுருங்குகிறது. மிதிக்கும்போது எழும் வாசனையில் கண் எரிகிறது, மூக்கு அடைத்திருந்தால் திறந்துகொள்கிறது.

களத்தில் மிளகைத் துழாவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பேச்சில் ஒரு வித்தியாசம். "லயம்" (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), "பெரட்டு" (காலையில் ஆள் கணக்கெடுப்பது) என்று சொற்கள் வந்தன. "சிலோனாம்மா?" என்று கேட்டேன்.

"ஆமா டீச்சர். பொறந்தது கண்டிப் பக்கம். பன்னெண்டு வயசில வந்தோம். தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அங்க எங்களைக் கள்ளத்தோணின்னாங்க. இங்க வந்தா சிலோன்காரின்னாங்க."

அவருக்குத் தெரியாத முன்கதையை என் பாடத்தில் நான் நடத்துகிறேன். ஆசியாவிலேயே முதன்முதலில் எல்லோருக்கும் ஓட்டு வந்த இடங்களில் ஒன்று இலங்கை, 1931இல். 1947 தேர்தலில் மலையகத் தமிழர்களின் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் ஜெயித்தது. சுதந்திரம் வந்த 1948இலேயே குடியுரிமைச் சட்டம் போட்டு அவர்களை நாடற்றவர்களாக்கினார்கள். அடுத்த வருடம் ஓட்டையும் பறித்தார்கள். அடுத்த தேர்தலில் அந்த ஏழு பேரும் இல்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் அங்கேயே. தோட்டத்தில் தேயிலை கிள்ளிக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை.

இத்தனையும் நடந்தது ராணுவ ஆட்சியில் இல்லை. முறையாகத் தேர்தல் நடந்து, முறையாக நாடாளுமன்றம் கூடி, கை தூக்கி நிறைவேற்றினார்கள். ஓட்டுப் போட்டே இன்னொருவரின் ஓட்டைப் பறிக்க முடியும் என்று அந்தத் தீவு கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டம், 1983இல் கலவரம், 2009 மே வரை போர். போர் முடிந்துவிட்டது, தேர்தலும் நடக்கிறது, ஆனால் காணாமல் போனவர்களின் படத்தைக் கையில் ஏந்தித் தாய்மார்கள் இன்னமும் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அமைதி என்று இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

மாணவியின் கேள்விக்கு மீதிப் பாதிப் பதில் இந்தக் களத்தில் கிடைத்தது. தேர்தல் நடப்பதை மட்டும் பார்த்தால் போதாது. தோற்றவரும் எண்ணிக்கையில் சிறியவரும் அடுத்த தேர்தலிலும் அங்கே இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

"முதல் ஓட்டு எப்போம்மா போட்டீங்க?" என்றேன்.

"84ல. எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும் ஒரே நாள்ல. எங்க அப்பா கூட வந்தார். மை வெச்சதும் அந்த விரலைப் பாத்துக்கிட்டே லயத்துக்கு வந்தார். கைகழுவவே இல்லை, எடக்கையால சாப்பிட்டார் அன்னிக்கு."

இடது கைச் சுட்டுவிரலில்தானே மை வைப்பார்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அவருடைய அப்பா எந்தக் கையால் சாப்பிட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கிளம்பும்போது ஒரு பிடி பச்சை மிளகைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தார். எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டு ஊறவைக்கச் சொன்னார்.

பிப்ரவரி 13, சேலம்

காலையில் இறங்கிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமா வீடு.

மறந்தாத்தான் வாழ முடியும் என்று மாமா சொன்னதை நான் விடவில்லை. ஸ்பெயினை எடுத்துக்கொள்ளுங்கள் மாமா என்றேன். சர்வாதிகாரி பிராங்கோ செத்தது 1975 நவம்பரில். மறுவருடம் அவருடைய நாடாளுமன்றமே 425 பேர் ஆதரவோடு தன்னைத் தானே கலைத்துக்கொள்ளும் சட்டத்தை நிறைவேற்றியது. 1977 ஏப்ரலில் கம்யூனிஸ்ட் கட்சிக்குத் தடை நீங்கியது, ஜூனில் தேர்தல், அக்டோபரில் எல்லோருக்கும் பொதுமன்னிப்பு. பழசைக் கிளற வேண்டாம் என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன. அது பலித்தது, நாடு பிழைத்தது. ஆனால் பிராங்கோவின் ஆட்கள் கொன்று புதைகுழிகளில் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாற்பது வருடம் கழித்தும் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். பிராங்கோவின் உடலையே 2019இல் நினைவிடத்திலிருந்து எடுத்து வேறு இடத்தில் புதைத்தார்கள்.

அர்ஜென்டினாவில் 1985இலேயே ஆட்சியில் இருந்த ராணுவத் தளபதிகளைக் கூண்டில் ஏற்றினார்கள், அவர்களில் விதேலாவுக்கு ஆயுள் தண்டனை. ராணுவம் மிரட்டியது, பின்வாங்கி வழக்குகளை நிறுத்தச் சட்டம் போட்டார்கள், மன்னிப்புக் கொடுத்தார்கள், பிறகு இருபது வருடம் கழித்து அந்தச் சட்டங்களைச் செல்லாது என்று சொல்லி வழக்கை மறுபடி எடுத்தார்கள். தென்னாப்பிரிக்கா நடுவழி பார்த்தது: செய்ததை முழுசாகச் சொல்லிவிட்டால் மன்னிப்பு. ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் கேட்டதில் சிறு பகுதியினருக்குத்தான் கிடைத்தது.

இதில் எது சரி என்று என்னால் ஒரே வரியில் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தவரை, துப்பாக்கி யார் கையில் அப்போது இருந்தது என்பதைப் பொறுத்து அந்தந்த நாடு தனக்கு முடிந்ததைச் செய்தது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்ட எந்த நாட்டிலும் அது தானாகப் போய்விடவில்லை.

நாமும் ஒன்று செய்தோம், அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது. 1977 மார்ச்சில் இந்திரா காந்தி தோற்றார், எழுந்து போனார். நெருக்கடி நிலையில் நடந்த அத்துமீறல்களை நீதிபதி ஷா தலைமையிலான கமிஷன் விசாரித்தது. மறுவருடம் 44ஆவது திருத்தம்: வெறும் உள்நாட்டுக் குழப்பம் என்று சொல்லி இனி நெருக்கடி நிலை கொண்டுவர முடியாது, ஆயுதக் கிளர்ச்சி இருக்க வேண்டும். உயிர்வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது. 1980இல் அதே இந்திரா ஓட்டு வாங்கித் திரும்பி வந்தார். அந்தத் திருத்தம் அப்படியே இருந்தது.

"அப்ப எங்க அண்ணன் அந்தப் பெஞ்சில உக்காந்தது?" என்றார் மாமா.

"அந்தக் காவலர் எழுந்து போகணும்னு அவர் நினைக்கலை மாமா. தானும் எழுந்து போகமாட்டேன்னு காட்டியிருக்கார். மறந்தவர் வேற பெஞ்சைப் பார்த்திருப்பார்."

மாமா இலையை மூடிவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்து போனை எடுத்தார். அண்ணன் இப்போது நாமக்கல்லில் மகள் வீட்டில் இருக்கிறார். "நம்ம பொண்ணு ஒண்ணு காலேஜ்ல பாடம் நடத்துது. அந்த ஒரு வருசத்தைப் பத்திக் கேக்கணுமாம்" என்றார். ஒரு நிமிடம் போல அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

பிறகு மாமா போனைக் காதிலிருந்து எடுத்தார். "ஞாயித்துக்கிழமை வரச் சொல்றார் கண்ணு. நோட்டுக் கொண்டு வரணுமாம். ரெண்டு நோட்டு."